ஆங்கிலச் சொல்வளத்துக்கு எந்த வழி: பட்டியலா, அட்டைப் பெட்டியா, கதைப் புத்தகமா, பேப்பரா, வகுப்பா?

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் நாகர்கோவில், மார்த்தாண்டம் புத்தகக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பிள்ளைக்கு இங்கிலீஷில் வார்த்தை போதவில்லை, என்ன வாங்கிக் கொடுக்கலாம்? கடைக்காரர் ஆயிரம் சொல் அடங்கிய புத்தகத்தை எடுத்துப் போடுவார். டியூஷன் டீச்சர் தினமும் இங்கிலீஷ் பேப்பர் படிக்கச் சொல்வார். பக்கத்து வீட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டியிருப்பார்கள். காலேஜ் போகும் அண்ணன் போனில் ஒரு ஆப் இறக்கித் தருவான்.

எல்லாமே யாரோ ஒரு பிள்ளைக்குப் பலித்த வழிகள்தாம். உங்கள் பிள்ளைக்கு எது என்பதை வகுப்பை வைத்தோ மதிப்பெண்ணை வைத்தோ முடிவு செய்தால் பாதி நேரம் தப்பாகப் போகும். எட்டாம் வகுப்பில் 80 வாங்கும் பிள்ளை கைடைப் பார்த்து ஒப்பித்தும் வாங்கியிருக்கலாம். படிக்கும் பக்கத்தில் நூறு சொல்லுக்கு எத்தனை தெரியவில்லை என்ற ஒரு எண் கையில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

முதலில் எண்ணுங்கள்

ஆங்கிலப் பாடநூலில் இன்னும் நடத்தாத உரைநடைப் பாடம் ஒன்றை எடுங்கள். நடுவில் எங்காவது தொடங்கி நூறு சொற்களை எண்ணிக் கோடு போடுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர்களை விட்டுவிடலாம். பிள்ளை அதை மௌனமாகப் படித்து, தெரியாத சொல்லின் அடியில் பென்சிலால் கோடிடட்டும். பிறகு கோடு போடாத சொற்களில் பத்தைத் தொட்டு, "மக்களே, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். "பாத்த மாதிரி இருக்கு" என்று பதில் வந்தால் அதுவும் தெரியாத கணக்குதான். பெரும்பாலான பிள்ளைகளின் முதல் எண் இந்த இடத்தில்தான் கூடும். வேறொரு பாடத்திலும் இதைச் செய்து சராசரி எடுங்கள்.

இரண்டோ அதற்குக் குறைவோ வந்தால் பிள்ளை தானாகப் படித்தே வளரும். மூன்று முதல் ஐந்து என்றால் அகராதித் துணையோடு படிக்கலாம். ஆறு முதல் பத்து என்றால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குக் கனம். பத்தைத் தாண்டினால் அடிப்படைச் சொற்களிலேயே ஓட்டை இருக்கிறது என்று பொருள். அப்போது எந்தத் தடித்த புத்தகம் வாங்கினாலும் வீண்.

இந்த எல்லைகள் சும்மா வைத்தவை அல்ல. ஒரு பத்தியில் 98 விழுக்காடு சொல் தெரிந்தால்தான் துணையின்றிப் புரியும் என்பது மொழிக் கல்வி ஆய்வில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. தெரியாத சொல்லை முன்பின் பார்த்து ஊகித்துக்கொள் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த முன்பின் சொற்களே தெரியாத பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

எதை வைத்து எடை போடுவது

ஒரு சொல் "தெரியும்" என்றால் நான்கு வேலை நடக்க வேண்டும். பார்த்ததும் பொருள் வர வேண்டும், எழுத்துக்கூட்டல் பிழையின்றி எழுத வேண்டும், வாக்கியத்தில் சரியான இடத்தில் வைக்க வேண்டும், ஒரு மாதம் கழித்தும் நினைவில் நிற்க வேண்டும். நான்கையும் ஒரே வழி தந்துவிடாது. இதோடு வீட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு: எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், பக்கத்தில் பெரியவர் உட்கார வேண்டுமா. ரப்பர் வெட்டக் கருக்கலிலேயே போகும் வீட்டிலும், அப்பா நாள்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும் வீட்டிலும் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

| வழி | யாருக்கு | தினசரி நேரம் | எழுத்துக்கூட்டல் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| பட்டியல் மனப்பாடம் | தேர்வு நெருங்கியவர் | 20 நிமிடம் | ஓரளவு | மறதி, சொற்குழப்பம் |
| அட்டைப் பெட்டி, ஆப் | 6க்கு மேல் வந்தவர் | 10–15 நிமிடம் | எழுதிப் பார்த்தால் நன்று | முதல் மாதம் பெரியவர் துணை |
| கதைப் புத்தகம் | நிலைக்கேற்ற நூல் கிடைத்தால் எவரும் | 20–30 நிமிடம் | மெதுவாக வரும் | சரியான நூல் தேடும் அலைச்சல் |
| இங்கிலீஷ் பேப்பர் | 2க்குள் வந்தவர் | 20 நிமிடம் | குறைவு | சலிப்பு |
| ஸ்போக்கன் வகுப்பு | தெரிந்தும் பேசத் தயங்குபவர் | வாரம் சில மணி | கிட்டத்தட்ட இல்லை | பஸ், மாலை நேரம் |

பட்டியல் மனப்பாடம்

தினம் பத்து சொல், இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். நம் பள்ளிகளில் அதிகம் நடப்பது இதுதான். சுத்த வீண் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாடு பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் முதல் பகுதியின் 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் ஆறு, இணைச்சொல்லும் எதிர்ச்சொல்லும். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் பாடத்துக்குப் பாடம் கொடுத்திருக்கும் சொற்பொருள் பட்டியலைப் படிப்பதே வேகமான வழி.

கெடுவது இரண்டு இடத்தில். பட்டியலில் சொற்கள் எப்போதும் ஒரே வரிசையில் இருப்பதால், மேலே இருக்கும் சொல் கீழே இருப்பதை நினைவூட்டிவிடுகிறது. வரிசையைக் கலைத்துக் கேட்டால் பிள்ளை திணறும். வெள்ளிக்கிழமை டெஸ்டில் பத்துக்குப் பத்து வாங்கியது மறு மாதம் மூன்றாகக் குறைவது இதனால்தான்.

இரண்டாவது பலருக்கும் தெரியாதது. பொருளால் நெருங்கிய சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே நாளில் ஒன்றாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். 1990களில் நடந்த சோதனைகள் தொடர்பில்லாத சொற்களைவிட இப்படிப்பட்ட கூட்டங்களைக் கற்க அதிக நேரம் பிடிப்பதைக் காட்டின. கைடுகள் இதற்கு நேர்மாறாக 'அக்செப்ட்', 'ரிஃப்யூஸ்' இரண்டையும் ஒரே வரியில் போட்டிருக்கும். எது ஏற்றுக்கொள்வது, எது மறுப்பது என்ற சந்தேகம் பிள்ளைக்கு வருடக்கணக்கில் போகாது. முதலில் ஒன்றைப் படித்து, அது ஊன்றிய பிறகு, இரண்டு வாரம் தள்ளி மற்றதைக் கொடுங்கள். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' மாதிரி உருவம் ஒத்தவற்றுக்கும் இதே விதி.

அட்டைப் பெட்டி

எண் ஆறுக்கு மேல் வந்த பிள்ளைக்கு இதையே முதலில் பரிந்துரைக்கலாம். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் சின்னச் சின்னப் பிழைகளால்தான் இது நின்றுபோகிறது.

56 × 71 செ.மீ. சார்ட் பேப்பர் ஒன்றை 7 × 10 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 56 அட்டை கிடைக்கும். ஐந்து தடுப்பு உள்ள ஒரு செருப்பு டப்பா போதும். முன்பக்கம் இங்கிலீஷ் சொல். பின்பக்கம் தமிழ்ப் பொருள், அது பெயரா வினையா என்ற குறிப்பு, பாடநூலில் அந்தச் சொல் வந்த வாக்கியம். வாக்கியம் இல்லாத அட்டை பட்டியலின் வெட்டிய துண்டு மட்டுமே.

புதிய அட்டைகள் முதல் தடுப்பில் இருக்கும். அதைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்கு நகரும். தவறினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும், முதலாவதுக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் பிரபலமாக்கிய முறை இது. நாள் போகப் போக மறதி எப்படிக் கூடுகிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1885இலேயே அளந்து வைத்திருந்தார். மறக்கப் போகும் நேரத்தில் ஒரு முறை நினைவிலிருந்து இழுத்தெடுத்தால் சொல் மேலும் ஊன்றும். திரும்பத் திரும்ப வாசிப்பதற்கும் நினைவிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டை போதும். ஒவ்வொரு அட்டையும் குறைந்தது ஐந்து முறை பார்க்கப்பட வேண்டும் என்பதால், பெட்டி முழுதாக ஓடத் தொடங்கியதும் தினம் 25 முதல் 35 அட்டை வரும், பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஆர்வத்தில் பத்து என்று தொடங்கினால் இரண்டாவது மாதம் தினம் 60 அட்டை நிற்கும், பிள்ளை பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும். ஐந்து என்றாலே 200 பள்ளி நாட்களில் ஆயிரம் சொல். மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா மாதிரி விடுமுறைகளில் பெட்டி தேங்கும். திரும்பியதும் ஒரு வாரம் புதிய அட்டை சேர்க்காமல் பழையதை மட்டும் தீருங்கள்.

இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அட்டையில் அப்படி எழுதவே கூடாது. 'பேக்' என்று எழுதினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, பெட்டியில் அடுக்குவதா என்று தெரியாது. மூன்றுக்கும் இங்கிலீஷில் எழுத்து வேறு, ஒலியும் வேறு. ஒலி சந்தேகமாக இருந்தால் போனில் உள்ள அகராதியில் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எழுதலாம். எழுத்துக்கூட்டல் பலவீனமான பிள்ளைக்கு மூன்றாவது தடுப்பிலிருந்து அட்டையைத் திருப்பிக் கொடுங்கள்: தமிழைப் பார்த்து இங்கிலீஷைக் காகிதத்தில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது.

எந்தச் சொற்களை எழுதுவது? எண் பத்தைத் தாண்டியிருந்தால் பாடச் சொல்லுக்கு முன் அடிப்படைச் சொற்கள். டாக்காவில் வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஏறக்குறைய 2,000 சொற்களின் பொதுப் பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அந்தச் சொற்களே. 2013இல் வந்த புதிய வடிவம் சுமார் 2,800 சொற்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பிள்ளைக்குத் தெரிந்ததை அடித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் அட்டை போடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழி அறிவியலுக்கு மாறுகிறவருக்கு 2000இல் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் தொகுத்த 570 சொற்குடும்பக் கல்விப் பட்டியல் நேரடியாக உதவும். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'ஃபங்ஷன்', 'மெத்தட்' எல்லாம் அதன் முதல் வரிசை. இயற்பியலும் கணக்கும் இவற்றைத்தான் பக்கத்துக்குப் பக்கம் பயன்படுத்துகின்றன.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கைமுதலும் உண்டு. ரப்பர் தோட்டம் சூழ்ந்த குலசேகரம் பக்கத்துப் பிள்ளைக்கு 'லேடெக்ஸ்', 'ஷீட்', 'கிரேடு' காதில் பழகியவை. கடற்கரை ஊரான குளச்சல் பிள்ளைக்கு 'ஹார்பர்', 'இன்ஜின்', 'வயர்லெஸ்'. பொருள் முன்பே தெரியும், எழுத்து மட்டும்தான் தெரியாது. முதல் வாரப் பெட்டியை இவற்றால் நிரப்பினால் பிள்ளை தோற்காமல் தொடங்கும்.

அதே பெட்டி, போனில்

ஆன்கி போன்ற ஆப் மேலே சொன்ன கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். எந்த அட்டை எந்த நாள் என்று யாரும் யோசிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. இறக்கிய பிறகு நெட் இல்லாமலும் ஓடும். உச்சரிப்பைச் சேர்க்கலாம் என்பது காகித அட்டையால் முடியாத வேலை.

ஆனால் வீட்டில் ஒரே போன் என்றால், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவு பத்து மணிக்குத்தான் பிள்ளை கைக்கு வரும். வந்ததும் திறப்பது ஆன்கியாக இருக்காது. யாரோ செய்து வைத்த ஐயாயிரம் சொல் தொகுப்பை இறக்குவதும் பெரிய பிழை, அதில் பிள்ளையின் பாட வாக்கியம் இருக்காது. பத்தாம் வகுப்புக்கு மேல், சொந்தமாகப் போனோ கம்ப்யூட்டரோ உள்ளவர்க்கு ஆப். அதற்குக் கீழே செருப்பு டப்பாவே மேல்.

கதைப் புத்தகம்

சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதை அட்டை கற்றுத் தராது, வாசிப்பு தரும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற காது பழக்கம் படித்துப் படித்துத்தான் வரும். குறை, வேகம். ஒரு சொல் படிப்பின் போக்கிலேயே ஓரளவு பதிய அதைப் பத்துத் தடவையாவது சந்திக்க வேண்டும். அரிய சொல் ஒரு புத்தகத்தில் ஒரு முறைதான் வரும். அதனால் ஆறுக்கு மேல் எண் உள்ளவர்க்கு வாசிப்பு மட்டும் போதாது, பெட்டியும் ஓட வேண்டும்.

நூல் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து நூறு சொல்லுக்கு ஐந்துக்கு மேல் தெரியவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு இன்னும் எளிதானதை எடுங்கள். கற்போருக்கென்றே 400, 700, 1,000 சொல் எல்லைக்குள் சுருக்கி எழுதப்பட்ட வரிசை நூல்கள் உண்டு. குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த கதைகள் இலவசம். பல கதைகள் தமிழிலும் இருக்கின்றன. தமிழில் முதலில் படித்துவிட்டு அதே கதையை இங்கிலீஷில் படிப்பது, எண் பத்தைத் தாண்டிய பிள்ளைக்கும் ஒத்துவரும் ஒரே வாசிப்பு. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு மாதம் ஒரு முறை போய் வருவது சிரமமில்லாதவர்க்கு நல்ல வழி. கிளை நூலகங்களில் என்ன கிடைக்கும் என்பது கிளைக்குக் கிளை மாறும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் நிலைக் கதையைப் பார்த்து "இது சின்னப் பிள்ளேளுக்க புத்தகம்" என்று தள்ளிவிடும். கடல், மிருகம், கிரிக்கெட் பற்றிய எளிய தகவல் நூலைக் கொடுங்கள், அல்லது தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வெட்கம் இருக்காது. படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்ட விடாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு சொல், அதிலும் மறுபடி மறுபடி வருவது மட்டும், அட்டைக்குப் போகட்டும்.

இங்கிலீஷ் பேப்பர்

அதிகம் சொல்லப்படும் அறிவுரை, பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே பொருந்துவது. நாளிதழைத் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷனின் 2006 கணக்கு. அடிப்படை 2,000 மட்டும் தெரிந்த பிள்ளைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு சொல் இருட்டு. தலையங்கத்தைப் படிக்கச் சொல்வது தண்டனை.

பேப்பர் வந்துகொண்டிருக்கும் வீடு என்றால் ஒரு வழி உண்டு. முந்தின நாள் தமிழ் டிவியில் பார்த்த செய்தியின் சின்னப் பத்தி ஒன்றை மட்டும் படிக்கலாம். விளையாட்டுப் பக்கம் இதற்குத் தோது. 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் வானிலை எச்சரிக்கை எல்லாரும் கவனிக்கும் செய்தி, அதன் சொற்களும் திரும்பத் திரும்ப வருபவை. அங்கே ஒரு கவனம்: 'டிப்ரெஷன்' என்று தட்டினால் மொழிபெயர்ப்பு ஆப் மனச்சோர்வு என்று தரக்கூடும், செய்தியில் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். முதலில் வரும் பொருளை எழுதிவிடாமல் வாக்கியத்தோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் இதில்தான் வரும்.

ஸ்போக்கன் வகுப்பு

வகுப்பு புதிய சொல்லை அதிகம் தராது. இருக்கும் சொல்லை வாயில் வரவைக்கும். எண் இரண்டுக்குள், ஆனால் பேசச் சொன்னால் வாய் திறக்காத பிள்ளைக்கு அது நல்ல முதலீடு. எண் எட்டு உள்ள பிள்ளையைச் சேர்த்தால் பத்துப் பதினைந்து வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு வரும். பேச்சிப்பாறைப் பிள்ளை மார்த்தாண்டம் வகுப்புக்குப் போய்வர பஸ்ஸிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அதே நேரத்தில் ஒரு வாரத்துப் பெட்டியில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் பேசுகிறது? முப்பது பேர் வகுப்பில் ஆசிரியர் ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட மிஞ்சாது. எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொல்கிறார்களா, கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

எப்போது மாற்றுவது

காலாண்டுத் தேர்வு முடிந்ததும், அரையாண்டு முடிந்ததும் புதிய பாடத்தில் மறுபடி நூறு சொல் எண்ணுங்கள். எட்டு ஐந்தாகியிருந்தால் புதிய அட்டையை நாளுக்கு மூன்றாகக் குறைத்து, மிச்ச நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள். இரண்டுக்கு வந்துவிட்டால் பெட்டியை நிறுத்தலாம், பத்தாம் வகுப்புப் பாடச் சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

எண் அசையவே இல்லை என்றால் வழியை மாற்றும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். எல்லா அட்டையும் முதல் தடுப்பிலேயே கிடந்தால் சொற்கள் பிள்ளைக்குக் கடினம், அல்லது வாக்கியம் எழுதாமல் விட்டிருக்கிறது. எல்லாம் ஐந்தாவதுக்குப் போயும் எண் குறையவில்லை என்றால், பிள்ளை பதிலைச் சொல்வதற்கு முன்பே அட்டையைத் திருப்பிப் பார்த்து "தெரியும்" என்று நகர்த்தியிருக்கிறது. அப்படியானால் இரண்டு வாரத்துக்கு அட்டையை நீங்களே கையில் பிடித்துக் கேளுங்கள். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கும் முடியும், பின்பக்கம் தமிழில்தானே இருக்கிறது.